பூமிநாதன் முகம் போட்ட பட்டன்

"இது யாரு?"

பூமிநாதன் தன் மனைவியின் போனை மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுபலட்சுமியின் கீபோர்டில் முட்டி நின்றது.

சுபலட்சுமி குனிந்து பார்த்தாள். திரையின் அடியில் ஒரு பெரிய பட்டன். அதில் 'தண்ணீர் லாரி உடனடியாக வேண்டும்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கு மேலே ஒரு முகம், திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் படுத்துக் கிடந்தது.

"நீங்கதாங்கய்யா" என்றாள்.

"நானா?"

"ஆமாங்கய்யா. நீங்க கொடுத்த போட்டோதான்."

"நான் கொடுத்த போட்டோவுல ஒரு ஆளுதான் இருந்தேன் தாயி. இதுல மூணு ஆளு மூஞ்சி இருக்கு."

எதிர் மேசையிலிருந்து ஜோதிலிங்கம் எழுந்து வந்தான். அந்தக் கம்பெனிக்கு அவன்தான் முதலாளி. ஆப் செய்வது சுபலட்சுமி; ஆப் செய்யச் சொல்கிறவர்களிடம் 'சரிங்கண்ணே' சொல்வது ஜோதிலிங்கம். அருப்புக்கோட்டையில் அப்படித்தான் அந்தக் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மொதல்ல உக்காருங்கண்ணே. மோர் சொல்லவா, ஜூஸ் சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம். பரளச்சியில ஒரு காதுகுத்து. எங்க வீட்டுல போயிருந்தா. அங்க ஒருத்தி இந்தப் பட்டனைக் காட்டி, 'மதினி, அண்ணனுக்கு என்னத்தப் போட்டு இப்படிப் பெருக்க வச்சீக'ன்னு கேட்டிருக்கா. அத்தனை பேரு முன்னாடி. அதை விடு. நான் என்னைக்குய்யா இப்படிப் பல்லு தெரியாத கொறையாச் சிரிச்சேன்?"

அது நியாயமான கேள்வி. பூமிநாதன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட, வேட்டிக்குள் எறும்பு ஏறியவர் மாதிரிதான் நிற்பார். இறுக்கி மூடிய சின்ன வாய் அவருக்கு. ஆனால் அதே வாயைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அது பெரிய சிரிப்பாகிவிடுகிறது. இதைச் சுபலட்சுமியும் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

பூமிநாதனுக்குப் பரளச்சி சொந்த ஊர். தொழில் தண்ணீர் லாரி. திருச்சுழிப் பக்கம் நிலத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கல்யாணம், காதுகுத்து, வீடு கட்டுவது என்று எது நடந்தாலும் நல்ல தண்ணீருக்கு அவருடைய லாரிதான் போக வேண்டும். லாரியோடு அவர் போவதில்லை. சந்தனம் முதலான டிரைவர்கள் போவார்கள். பூமிநாதன் கீழே ஷெட்டில் உட்கார்ந்து போனில் பேசுவார். அந்த ஷெட்டின் மாடியில்தான் ஜோதிலிங்கத்தின் கம்பெனி இருந்தது. கட்டடமும் பூமிநாதனுடையது.

'பூமி குடிநீர்' ஆப்பைச் சுபலட்சுமி முதலில் செய்தபோது பட்டன் வெறும் நீல நிறத்தில்தான் இருந்தது. பூமிநாதன்தான் படம் கேட்டார்.

"லாரி யாரு அனுப்புறான்னு தெரிய வேணாமா? அமுக்குறவன் என் மூஞ்சியப் பாத்துத்தான் அமுக்கணும்."

"அப்ப ஓரத்துல சின்னதா வச்சிருவோங்கய்யா" என்று சொல்லிப் பார்த்தாள். "மூலையில இருந்தா இழுக்காது. எப்பவும் அப்படியே இருக்கும்."

"மூலையில நிக்க வைக்கிறியா? நான் என்ன வீட்டுப்பாடம் எழுதாமலா வந்திருக்கேன்? நடுவுல வை."

"சரிங்கண்ணே" என்றான் ஜோதிலிங்கம்.

நடுவில் வைத்தாள். பூமிநாதன் தன் போனில் பார்த்தார். முகம் லட்சணமாக இருந்தது. ஆப் வெளியே போனது. கோடை முழுக்க ஓடியது. ஆர்டர் நன்றாகவே வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பூமிநாதன் தன் போனை ஆங்கிலத்தில் வைத்திருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பட்டனுக்குச் சின்னதாக ஒரே வார்த்தை. அதற்குப் பட்டன் சின்னதாக இருந்தால் போதும். ஊர்க்காரர்கள் எல்லோரும் தமிழில் வைத்திருந்தார்கள். தமிழில் எழுத்து நீளம். எழுத்து நீண்டால் பட்டன் நீளும். பட்டன் நீண்டால் பின்னால் இருக்கிற படம் நீளும். படத்தில் இருந்தது பூமிநாதன்.

"எம் போன்ல நல்லாத்தான இருக்கு" என்று அவர் தன் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"அது வந்துங்கய்யா, இந்தப் படத்தை எங்க இழுக்கலாம், எங்க இழுக்கக் கூடாதுன்னு போனுக்கு நாம சொல்லணும். படத்தோட ஓரத்துல கறுப்பா ஒரு கோடு போடுவோம். கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெலிசு. கோடு போட்ட எடத்தை மட்டும் போனு இழுக்கும். மத்த எடத்தைத் தொடாது." சுபலட்சுமியின் வீட்டில் தறி ஓடியது, அவளுக்குச் சட்டென்று வந்த உதாரணமும் அதுதான். "சேலையில உடம்பு எவ்வளவு நீளமா போனாலும் முந்தி அதே அளவுதான இருக்கும்? அது மாதிரி."

"அப்ப எங்க கோடு போட்ட?"

சுபலட்சுமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவுல" என்றாள். "மூக்குக்கு நேரா."

பூமிநாதன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது சந்தனம் சாவி வாங்க மாடிக்கு வந்தார். மேசைமேல் கிடந்த போனைப் பார்த்துவிட்டு, "இதுக்கென்ன முதலாளி, ஊருக்குள்ள யாரும் கொறை சொல்லலையே" என்றார்.

"நீ லாரிய எடு."

படியிறங்கும்போது பூமிநாதன் திரும்பி நின்று ஜோதிலிங்கத்திடம் சொன்னார். "கீழ ஷெட்டுல எடம் பத்த மாட்டேங்குது. டயர் எல்லாம் வெயில்ல கெடக்கு. மாடியவும் சேத்துக்கலாமான்னு ஒரு யோசனை."

அவர் போன பிறகு ஜோதிலிங்கம் ஃபேனுக்கு நேரே நின்றான்.

"சுபா, புரிஞ்சுதா?"

புரிந்தது. மாடி போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் அவள் மறுபடியும் சென்னைக்குப் போய், ஒரு அறையில் ஆறு பேராகக் கிடந்து, குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையிலிருந்து தப்பித்துத்தான் அவள் ஊருக்கே வந்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானமே அவள் அந்தக் கோட்டை மூக்கிலிருந்து எடுத்து வலது கன்னத்துக்கு மாற்றினாள். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கன்னம் கொஞ்சம் நீண்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

கன்னத்தோடு மீசையும் இருக்கிறது என்பதை அவள் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தனம் ஷெட்டிலிருந்து மாடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "முதலாளி, குமாரலிங்கபுரத்துல லோடு எறக்கும்போது கேட்டாக. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பல்லு வலியாம்ல?"

பூமிநாதன் மாடியேறி வந்தார். இந்த முறை போனைத் தள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். இடது பக்க மீசை அளவாக முறுக்கி நின்றது. வலது பக்க மீசை மூக்கடியில் புறப்பட்டு, வீங்கிய கன்னத்தைத் தாண்டி, பட்டனின் கடைசி வரைக்கும் நேர்கோடாகப் போயிருந்தது.

"ஒரு பக்க மீசை இங்க இருக்கு. இன்னொரு பக்கம் திருச்சுழிக்கு பஸ் ஏறிருச்சு" என்றார்.

"மீசை நீளமா இருந்தா ஒரு கெத்துதான அண்ணே" என்றான் ஜோதிலிங்கம்.

பூமிநாதன் அவனைப் பார்த்தார். ஜோதிலிங்கம் மோர் சொல்லப் போய்விட்டான்.

"ஐயா, இன்னைக்குச் சரி பண்ணிருவேன்" என்றாள் சுபலட்சுமி. "மூஞ்சியே வேணாம். மூஞ்சிக்கு வெளிய, பின்னால வெறும் சுவரு இருக்குல்ல, அதை மட்டும் இழுத்துக்கிறேன்."

"இத மொதல்லயே செஞ்சிருந்தா என்ன?"

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அந்த யோசனை அப்போதுதான் வந்தது.

காதுக்கு வெளியே, இரண்டு பக்கமும் இரண்டு கோடு போட்டாள். பட்டன் எவ்வளவு அகன்றாலும் பூமிநாதன் அசையாமல் நடுவில் நின்றார். சுவர் மட்டும் நீண்டது. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டு, "அனுப்பிரு" என்றான்.

படத்தில் இன்னொரு கோடும் உண்டு. எழுத்து எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சொல்கிற கோடு அது. இதற்கு முன்னால் அது சட்டைக்கு நேராக இருந்தது. எழுத்தும் நெஞ்சுமேல் பெயர்ப்பலகை மாதிரி வந்துகொண்டிருந்தது. பழைய கோடுகளை அழித்துப் புதுக் கோடு போட்ட அவசரத்தில் அவள் அதையும் சேர்த்து அழித்திருந்தாள். கோடு இல்லையென்றால் எழுத்து தனக்குத் தோன்றிய இடத்தில் உட்காரும். அதற்கு நெற்றி தோன்றியது.

முதல் பட்டனில் தொந்தரவு தெரியவில்லை. எழுத்து நீளமாக இருந்ததால் நெற்றியில் பட்டை போட்ட மாதிரி இருந்தது. ஆர்டர் வேண்டாம் என்றால் அமுக்குகிற அடுத்த பட்டன்தான் வில்லங்கம். அதற்கும் அதே படம்தான். அதில் பூமிநாதனின் நெற்றி நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், சிவப்பு எழுத்தில் 'ரத்து' என்று இருந்தது.

இந்த முறை வந்தது பூமிநாதன் இல்லை. அவர் மனைவி தங்கலட்சுமி போன் செய்தாள்.

"ஏம்மா, நீதான் அந்தப் பட்டன் போடுற பிள்ளையா?"

"ஆமாங்க."

"அவுக கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு நெத்தியத் தடவிக்கிட்டே இருக்காக. சாப்பிடக் கூப்பிட்டா, 'ரத்து ஆனவனுக்கு என்ன சாப்பாடு'ங்கிறாக. அத எடுத்துவிடும்மா. வீட்டுல இருக்க முடியல."

"இப்பவே எடுத்துர்றேங்க."

உண்மையிலேயே இப்பவே எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் லாரிகள் எல்லாம் எஃப்.சி. சோதனைக்குப் போகின்றன. தண்ணீர் கிடையாது என்று ஆப்பில் அறிவிப்பும் போட வேண்டும். முதல் பட்டனில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேறு வாசகம் வர வேண்டும்.

"என்ன எழுதணும்?" என்று சுபலட்சுமி கேட்டாள்.

"'இன்று சேவை இல்லை'ன்னு போடு" என்றான் ஜோதிலிங்கம். பிறகு அவனுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. பூமிநாதனின் கோபம் தணிகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பு. "கூட ரெண்டு வார்த்தை மரியாதையா சேப்போம். 'ஆழ்ந்த வருத்தங்கள்'னு போடு."

போட்டாள். கோடுகளையும் சரியாகப் போட்டாள். சுவரை இழுக்கும் கோடு, எழுத்துக்கான கோடு, எல்லாம் இடம் பார்த்துப் போட்டாள். பழைய கோப்புகளோடு குழம்பிவிடக் கூடாது என்று புதுக் கோப்புக்குப் பெயரையும் மாற்றி வைத்தாள். ஏற்கெனவே 'பூமி புதுசு', 'பூமி ரொம்பப் புதுசு' என்று இருந்ததால், இதற்கு 'பூமி முடிவு' என்று பெயர் வைத்து அனுப்பினாள்.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு விதி உண்டு. பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் ஒன்பது என்ற எண்ணும் இருக்க வேண்டும். அந்த ஒன்பதைப் பார்த்தால்தான், ஓரத்தில் இருப்பது தனக்கான குறிப்பு என்று போன் புரிந்துகொண்டு அந்தக் கோடுகளை மறைக்கும். ஒன்பது இல்லாவிட்டால் அதற்கு அதுவும் ஒரு சாதாரணப் படம். எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் காட்டிவிடும், கறுப்புக் கோட்டோடு.

'பூமி முடிவு' என்ற பெயரில் ஒன்பது இல்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே சுபலட்சுமி போனைத் திறந்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

பூமிநாதன் மறுபடியும் அகலமாகியிருந்தார். வாய் கொள்ளாத சிரிப்பு. அவரைச் சுற்றி நாலு பக்கமும் தடியாகக் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள், அவருடைய நெஞ்சுக்கு நேராக:

'இன்று சேவை இல்லை. ஆழ்ந்த வருத்தங்கள்.'

அவள் ஜோதிலிங்கத்துக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்தவுடன், "பாத்துட்டேன்" என்றான். "தெருமுக்குல பூக்கடையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி நாலு பேரு மாலை வாங்குறாக. எல்லாரும் அண்ணன் வீட்டுக்குத்தான் வழி கேக்குறாக."

"நீங்க ஏன் பூக்கடையில நிக்கிறீங்க?"

"எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாப் போச்சு சுபா."

இருவரும் வண்டியில் பூமிநாதன் வீட்டுக்குப் போனபோது தெருவில் செருப்பு குவிந்து கிடந்தது. பரளச்சியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றிருந்தது. பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலை இறக்கி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் நடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பூமிநாதன் நின்றார். குளிக்கப் போனவரைப் பாதியில் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருந்தது. இடுப்பில் துண்டு, ஒரு காதில் சோப்பு நுரை. அவர் காலடியில் அக்கா லிங்கம்மாள் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான் நிக்கிறேன்ல? பாரு. இந்தா, உசுரோட நிக்கிறேன்."

"பாத்துட்டேன்டா."

"பெறகு எதுக்கு அழுகுற?"

"பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அழுதுக்கிட்டு வாரேன். சட்டுனு நிறுத்துன்னா எப்படி நிறுத்த? நெஞ்சு அடைக்குதுல்ல?" அவள் எழுந்து அவர் முதுகில் பலமாக இரண்டு அடி வைத்தாள். பிறகு அவர் காதிலிருந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அந்த நேரம் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டி. டிரைவர் இறங்கி, துண்டோடு நின்றவரிடமே வந்தார்.

"அண்ணே, பெட்டிய எங்க எறக்க?"

"யாருக்குய்யா?"

"பூமிநாதன்னு சொன்னாக."

"நான்தான் பூமிநாதன்."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் வெயிட் பண்ணவா?"

தங்கலட்சுமி உள்ளேயிருந்து ஓடி வந்து அந்த ஆளை அனுப்பி வைத்தாள். மாலையோடு வந்தவர்கள் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் அதை வாசல் கதவில் மாட்டினார். இன்னொருவர், வாங்கியது வாங்கியாகிவிட்டது என்று பூமிநாதன் கழுத்திலேயே போட்டார். பூமிநாதன் கோபமாக அதைக் கழற்றப் போனவர், போட்டது யார் என்று பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி அது.

அப்புறம்தான் அவர் கண் சுபலட்சுமிமேல் விழுந்தது. சுபலட்சுமிக்கு அந்த ஆறு பேர் அறையும் குளியலறை வரிசையும் கண்முன்னால் வந்தன. முதல் ஆளாக அவளே பேசினாள்.

"ஐயா, தப்பு என்னோடது. கோப்புக்குப் பேரு வைக்கும்போது ஒரு ஒம்பதை விட்டுட்டேன். அந்தக் கோடு வெளிய தெரியக் கூடாத கோடு. தெரிஞ்சிருச்சு."

"ஒரு ஒம்பது."

"ஆமாங்கய்யா."

"ஒரு ஒம்பதுக்கு ஐஸ் பெட்டி வரைக்கும் வருமா?"

அவள் தலை குனிந்தாள். ஜோதிலிங்கம் 'சரிங்கண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்து, இது அதற்கான இடம் இல்லை என்று மூடிக்கொண்டான்.

பூமிநாதன் மாலையோடு படியில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த போனை வாங்கி அந்தப் பட்டனை நன்றாகப் பார்த்தார்.

"சரி, செத்தபெறகாச்சும் மூஞ்சி ஒழுங்கா இருக்கும்னு பாத்தேன் தாயி. அதுலயும் அகலமாத்தான் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. லிங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். பிறகு வேனில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களை வெறுமனே அனுப்பக் கூடாது என்று தங்கலட்சுமி உலை வைத்தாள். பந்தல்காரர்கள் மூங்கிலை நட்டே விட்டார்கள். வெயிலுக்கு அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

சுபலட்சுமி சாப்பிட நிற்கவில்லை. நேராக மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வேலையாகக் கறுப்புக் கட்டத்தை ஆப்பிலிருந்து எடுத்தாள். பிறகு அவசரப்படாமல் படத்தை முதலிலிருந்து செய்தாள். சுவரில் இரண்டு கோடு. சட்டைக்கு நேரே ஒரு கோடு. பெயரின் கடைசியில் புள்ளி, ஒன்பது. அந்த ஒன்பதை வாய்விட்டுப் படித்தாள். சாயங்காலம் லாரிகள் திரும்பியதும் கீழே ஷெட்டுக்குப் போய், டிரைவர், கிளீனர் என்று இருந்தவர்கள் எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி உடைந்த போன், ரப்பர் பேண்ட் போட்ட போன், சின்னப் போன், அகலப் போன், தமிழில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் பூமிநாதன் ஒரே அளவில் இருந்தார். அதே நெற்றி, அதே மீசை, இறுக்கி மூடிய அதே சின்ன வாய்.

சந்தனம் தன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு பார்த்தார். "அச்சு அசல் முதலாளிதான்" என்றார். "பாத்தா பயமா இருக்கு."

அதைவிடப் பெரிய பாராட்டு சுபலட்சுமிக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் பூமிநாதன் மாடிக்கு வந்தார். அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் போனில் ஒருமுறை, சுபலட்சுமியின் போனில் ஒருமுறை, ஜோதிலிங்கத்தின் போனில் ஒருமுறை பட்டனைப் பார்த்தார்.

"ம்" என்றார். "இது நான்."

"சரிங்கண்ணே" என்றான் ஜோதிலிங்கம். நீண்ட நாளைக்குப் பிறகு அதை நிம்மதியாகச் சொன்னான்.

"டயரை வேற எடத்துல போட்டுக்கிறேன். நீங்க மாடியிலயே இருங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பங்காளி நேத்து வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனான். அக்கா இன்னும் ஊருக்குக் கெளம்பல. நல்லதும் கெட்டதுமா ஏதோ ஒண்ணு நடந்துபோச்சு. ஆனா இனிமே எவனும் என்னைப் பாத்து ஆளு மாறிட்டேன்னு சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வேணும்."

சுபலட்சுமிக்கு மனம் லேசானது. வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்கலாமா என நினைத்து, கேட்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டாள்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் ஏறி வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. வீரசோழனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கோடை முழுக்க ஆப்பில்தான் தண்ணீர் வாங்கினார். சந்தனத்தைத் தவிர இங்கே வேறு யாரையும் அவருக்குத் தெரியாது.

"பூமி குடிநீர் ஆபீஸு மாடியிலன்னு கீழ சொன்னாக. மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். லாரி சொல்லணும். பெரிய காரியம், அதான் நேர்லயே சொல்லிருவோம்னு வந்தேன்."

"வாங்க வாங்க, உக்காருங்க" என்றார் பூமிநாதன். "எத்தனை லோடு வேணுமோ சொல்லுங்க. நானே முன்னால நின்னு அனுப்புறேன்."

பெரியவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பட்டனைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப லாரியெல்லாம் நீங்கதான் பாத்துக்கிறீகளா?"

"நான்தான்" என்றார் பூமிநாதன், நெஞ்சை நிமிர்த்தி. "இந்தாருங்க, பட்டன்ல இருக்கிறது யாருன்னு பாருங்க. அச்சு அசல்."

"பாத்தேன், பாத்தேன். படம் மாத்துன அன்னைக்கே பாத்தேன்." பெரியவர் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டு, பூமிநாதனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"சேதி தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும், தப்பா நெனச்சுக்காதீக. உங்க அண்ணனை நேர்ல பாத்ததில்ல, ஆனா எப்ப தொறந்தாலும் அந்த அகல மொகம் வாய் நெறையச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். அவுக போன துக்கம் அப்படியே உங்க மூஞ்சியில தெரியுதுங்க."